கூரைத் தண்ணீர் எங்கே போகிறது

2007 மார்ச் பத்தாம் தேதி, சனிக்கிழமை, காலை பதினொன்று பத்துக்குத் தண்ணீர்க் கம்பனியின் பில் கதவுத் துவாரத்தால் உள்ளே விழுந்தது. சிவமலர் வாசல் மிதியடியில் நின்றபடியே உறையைக் கிழித்தாள்.

மூன்று வரிகள் இருந்தன. குழாயில் வருகிற தண்ணீருக்கு ஒன்று. கழுவி ஊற்றுகிற தண்ணீருக்கு ஒன்று. மூன்றாவது மழைத் தண்ணீருக்கு. கூரையில் விழும் மழை கூரை ஓரத்துப் பீலி வழியாக இறங்கித் தெருவுக்கு அடியில் ஓடும் குழாய்க்குள் போகிறது என்பது கம்பனியின் கணக்கு. அதைக் கொண்டுபோவதற்கு வீடொன்றுக்கு வருடம் இருபத்தாறு பவுண்.

அந்த மூன்றாவது வரி இருக்கக் கூடாது. அதை எடுத்துவிடும்படி எழுதிக் கொடுத்து இரண்டு வருடம் ஆகப் போகிறது.

பில்லைக் குசினி மேசையில் வைத்தாள். அலுமாரியைத் திறந்து போன வருடத்துப் பில்லைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதிலும் மூன்று வரிகள். போன வருடம் அவள் பார்க்கவில்லை. காசைக் கட்டி மடித்து வைத்துவிட்டாள்.

மழையைப் பற்றி முதலில் சொன்னவர் பக்கத்து வீட்டுப் புவனேசன். எழுபதுகளில் மலேசியாவில் இருந்து படிக்க வந்தவர். ஒரு கவுன்சிலில் வடிகால் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். 2005 வசந்தத்தில் ஒரு நாள் வேலிக்கு மேலால் தலையை நீட்டிக் கேட்டார்.

“ஏம்மா, உங்க கூரைத் தண்ணி எங்க போகுது?”

“எங்கை போகும்? கீழை தான்.”

“கீழன்னா எங்க? வாங்க காட்டுறேன்.”

வந்து அவர்களுடைய பின்வளவில் புல்லுக்குள் மூடிக் கிடந்த ஓர் இரும்பு மூடியைக் கம்பியால் நெம்பித் தூக்கினார். உள்ளே உடைந்த செங்கல்லும் சல்லியும் நிறைந்த குழி. முன்பக்கமும் இதே மாதிரி ஒன்று இருந்தது. லண்டனின் தென்பக்கம், தோர்ண்டன் ஹீத்தின் அந்தத் தெரு முப்பதுகளில் கட்டியது. கட்டியவன் எல்லா வீட்டுக்கும் இப்படி இரண்டு குழி வெட்டியிருந்தான். கூரைத் தண்ணீர் குழிக்குள் விழுந்து நிலத்துக்குள் ஊறிவிடும். தெருக் குழாய்க்கு ஒரு சொட்டும் போவதில்லை.

“ஒரு சொட்டு போனாலும் காசு கட்டணும். ஒண்ணும் போகலேன்னா கட்ட வேணாம். ஆனா நாமதான் சொல்லணும். அவனா வந்து கேக்க மாட்டான்” என்றார். “இந்தத் தெருவுல மழையை விலைக்கு வாங்குற ஆளு இப்ப நீங்க மட்டும்தாம்மா.”

அன்று மாலையே சிவமலர் இல்ஃபோர்டில் இருக்கும் அண்ணனுக்கு ஃபோன் பண்ணினாள். அருள்நேசன் அவளை விட எட்டு வயது மூத்தவர். எண்பத்து மூன்றிலேயே லண்டனுக்கு வந்து கணக்கியல் படித்தவர். இவர்களுக்கு வரும் இங்கிலீஷ் கடிதம் எதுவும் அவர் கண்ணில் படாமல் கோப்புக்குள் போனதில்லை. விசாவுக்கான ஹோம் ஒஃபிஸ் கடிதம், வரிக் கடிதம், பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதம் எல்லாம் அவர்தான்.

“மழைக்கும் காசு எடுக்கிறாங்களாம் அண்ணை. எங்களுக்குக் கட்டத் தேவையில்லையாம்.”

அவர் சிரித்தார். “ஃபோர்ம் நான் எடுக்கிறன். நீ ஒண்டும் செய்யாதை.”

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தபோது ஃபோர்மும் கொண்டு வந்தார். கை கழுவிவிட்டு வந்து அதே மேசையில் விரித்தார். மேல் பாதி மடிந்து இருந்தது. கீழே கையெழுத்துக்கு இரண்டு இடத்தில் பென்சிலால் புள்ளடி.

“கூரைத் தண்ணி எங்கை போகுதெண்டு நான் எல்லாம் எழுதிப் போட்டன். நீங்கள் ரெண்டு பேரும் கையெழுத்தை மட்டும் வையுங்கோ.”

அவள் கணவன் கிருஷ்ணராசா வைத்தான். அவளும் வைத்தாள். விரலில் ஒட்டியிருந்த எண்ணெய் கடதாசியில் படாமல் இருக்கப் பேனையை நுனியில் பிடித்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

*

திங்கட்கிழமை மூன்று மணிக்கு, பள்ளிக்கூடக் குசினி வேலை முடிந்து வந்து, கம்பனிக்கு ஃபோன் எடுத்தாள். இருபது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்தார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள். விலாசத்தைக் கேட்டாள். தட்டிப் பார்த்தாள்.

அந்த விலாசத்தில் இருந்து அப்படி ஒரு விண்ணப்பம் வரவே இல்லை என்றாள்.

தொலைந்து போயிருக்குமோ என்று சிவமலர் கேட்டாள். வந்திருந்தால் வந்த நாளே பதிந்திருப்போம் என்றாள் அந்தப் பெண். பிழையில்லை, இப்போது புதிதாக அனுப்புங்கள். எந்த வருடத்தில் விண்ணப்பம் கிடைக்கிறதோ அந்த வருடத்து ஏப்ரலில் இருந்துதான் குறைப்போம். பழைய வருடங்களுக்கும் வேண்டும் என்றால், முன்பே அனுப்பியதற்குப் பிரதி காட்டுங்கள்.

பிரதி அண்ணனிடம் இருக்கும். அவர் எதையும் பிரதி எடுக்காமல் விடமாட்டார். உடனே அவருக்கு ஃபோன் எடுத்தாள்.

“அண்ணை, அந்த மழைத் தண்ணி ஃபோர்ம் நினைவிருக்கோ?”

மறுபக்கத்தில் கோப்பு ஒன்றை மூடும் சத்தம் கேட்டது.

“எந்த ஃபோர்ம்?”

“எங்கடை வீட்டுக்குப் போட்டது. நாங்கள் ரெண்டு பேரும் கையெழுத்து வைச்சது. அவங்களுக்குக் கிடைக்கேல்லையாம். கொப்பி இருந்தால் தாங்கோ.”

“ஓம், ஓம். அது எங்கையோ கிடக்கும். என்ன இப்ப அவசரம்?”

“ரெண்டு வருஷக் காசு திரும்பி வரும் அண்ணை.”

“ஐம்பது பவுணுக்கு லோயர் மாதிரிக் கதைக்கிறாய்” என்று சிரித்தார். “ஃபோனை வை. நான் பாக்கிறன்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். அவருடைய மனைவி தவநாயகி மச்சாள் வரவில்லை. வாசலில் நின்றபடியே ஓர் உறையை அவள் கையில் வைத்தார். உள்ளே மூன்று இருபது பவுண் தாள்கள்.

“என்ன அண்ணை இது?”

“ரெண்டு வருஷத்துக் காசு. மிச்சத்துக்குப் பிள்ளையளுக்கு ஏதும் வாங்கிக் குடு. அந்த ஃபோர்மை நான் தபாலிலை போட மறந்திட்டன் போல கிடக்கு. பிழை என்ரை.”

“ஐயோ, நான் உங்களிட்டைக் கேட்டனானே?”

“இனி அதை விடு. புதுசாப் போடவும் வேண்டாம். வருஷா வருஷம் நான் தாறன், காணுமே?”

தேத்தண்ணீர் குடித்தார். போய்விட்டார். சிவமலர் வாசலில் நின்று அவருடைய கார் போவதைப் பார்த்தாள். ஒரு சின்னக் கடதாசியை மறந்ததற்கு வெட்கப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் லண்டனைக் குறுக்காக வெட்டி வந்திருக்கிறார். எழும்பி வந்த கிருஷ்ணராசாவுக்கு அதைச் சொன்னாள். அவன் தபால் பிரிக்கும் நிலையத்தில் இரவு வேலை செய்பவன். கண் இன்னும் திறக்கவில்லை.

“அறுபது பவுணைத் தர இருபது பவுணுக்குப் பெற்றோல் அடிச்சவரே?” என்றான்.

“உங்களுக்கு என்ரை அண்ணையைப் பற்றி நல்லதா ஒரு சொல்லு வராதே!”

“நல்லதாத் தானே சொன்னனான்.”

அவள் அந்த உறையைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தாள். அண்ணனின் காசை மழைக்கு எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. வருடா வருடம் அவரை வரவைக்கவும் கூடாது. தானே ஃபோர்மை நிரப்பி அனுப்பிவிட்டுப் பிறகு சொன்னால் சந்தோசப்படுவார் என்று நினைத்தாள்.

கம்பனியில் இருந்து ஃபோர்ம் மூன்று நாளில் வந்தது. நான்கு பக்கம். அவள் எதிர்பார்த்ததை விட லேசான இங்கிலீஷ். கூரையில் எத்தனை குழாய் இறங்குகிறது, ஒவ்வொன்றும் எங்கே போகிறது, முன்வளவுத் தண்ணீர் தெருவுக்கு வழிகிறதா. கடைசியில் வீட்டு எல்லை காட்டும் வரைபடம் ஒன்று இணைக்க வேண்டும், அதில் குழி இருக்கும் இடத்தைக் குறிக்க வேண்டும்.

நாலு பக்கத்தையும் இரண்டு தரம் வாசித்தாள். கையெழுத்து வைக்க ஒரே ஓர் இடம்தான் இருந்தது. பில் யார் பேரில் வருகிறதோ அவருக்கு மட்டும். பில் கிருஷ்ணராசா பேரில் வந்தது.

அன்றைக்கு இரண்டு புள்ளடி இருந்ததே என்று அவள் நினைத்தாள். பழைய ஃபோர்ம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

*

வரைபடத்துக்கு எங்கே போவது என்று புவனேசனைக் கேட்டாள்.

“குரொய்டன்ல காணிப் பதிவு ஆபீஸ் இருக்கு. கவுன்டர்ல போய் விலாசத்தைச் சொன்னா கொடுத்திடுவாங்க. யாரு வீடா இருந்தாலும் யாரு வேணும்னாலும் கேக்கலாம்” என்றார். “என் வீட்டுக்கும் சேர்த்து ஒண்ணு வாங்கிட்டு வாங்க, நான் இன்னும் இங்கதான் இருக்கேனான்னு பாக்கணும்.”

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிய பிறகு, ஏப்ரல் மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை, 250ஆம் இலக்க பஸ்ஸில் போனாள். கவுன்டரில் இருந்த பெண்மணி கண்ணாடியை மூக்கில் இறக்கி அவளைப் பார்த்தாள். வரைபடம் மட்டுமா, பதிவேட்டின் பிரதியும் வேண்டுமா என்று கேட்டாள். பெரும்பாலும் எல்லாரும் இரண்டையும்தான் வாங்குவார்கள் என்றாள். சிவமலர் தலையாட்டினாள்.

சுவரோரக் கதிரையில் இருந்து வரைபடத்தைப் பார்த்தாள். சிவப்புக் கோட்டுக்குள் அவர்களுடைய வீடு ஒரு தீப்பெட்டி அளவில் இருந்தது. பின்வளவுக் குழி வரும் இடத்தில் நகத்தால் ஒரு கோடு இழுத்தாள்.

பிறகு மற்றக் கடதாசி. உரிமையாளர் என்ற இடத்தில் அருள்நேசன். இல்ஃபோர்ட் விலாசம். அது அவளுக்குத் தெரிந்ததுதான்.

1999இல் வீடு வாங்கியபோது இவர்களுக்கு விசா இல்லை. அகதி விண்ணப்பம் முடிவாகாதவனுக்கு எந்த பாங்கும் கடன் கொடுக்காது. அப்போது எல்லாரும் செய்ததைத்தான் இவர்களும் செய்தார்கள். பாஸ்போர்ட் இருக்கிற சொந்தக்காரர் பேரில் வீடு. சீட்டுக் கட்டி எடுத்த பதினெட்டாயிரம் பவுண் முற்பணமாகப் போனது. மாதம் ஒன்றாம் தேதி கடன் காசு கிருஷ்ணராசாவின் கணக்கில் இருந்து அருள்நேசனின் கணக்குக்குப் போகும். எட்டு வருடத்தில் ஒரு மாதமும் தவறவில்லை. விசா வந்ததும் பேர் மாற்றுவது என்று பேச்சு. விசா 2003இல் வந்தது. இப்போது மாற்றினால் வரி விழும், பொறுங்கோ என்றார் அண்ணன். பொறுத்தார்கள்.

வாங்கும்போது கிருஷ்ணராசா ஒரே ஒரு தரம் வாய் திறந்தான். தங்களுக்குள் ஒரு துண்டு எழுதி வைத்தால் என்ன என்று கேட்டான்.

“என்ரை கூடப்பிறந்ததிட்டை நான் கடுதாசி கேக்கிறதோ?” என்றாள் சிவமலர். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அவன் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

கடதாசியின் கடைசிப் பகுதியில் வீட்டின் மேல் இருக்கும் கடன் எழுதியிருந்தது. முதலில் வீட்டுக் கடன் தந்த கட்டிடச் சங்கத்தின் பேர் அங்கே இல்லை. வேறு ஒரு பாங்கின் பேர் இருந்தது. 2005 ஜூன் இருபத்து நான்கு என்று திகதி இருந்தது.

எழுந்து கவுன்டருக்குப் போனாள். இது என்ன என்று விரலை வைத்துக் கேட்டாள்.

பழைய கடனை அடைத்துவிட்டுப் புதுக் கடன் எடுத்திருக்கிறார்கள் என்றாள் அந்தப் பெண்மணி. எவ்வளவு என்பது எங்கள் பதிவில் இராது. வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

“நான் தான் வீட்டுக்காரி” என்று சிவமலர் இங்கிலீஷில் சொன்னாள்.

அந்தப் பெண்மணி கடதாசியில் இருந்த பேரைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

*

புவனேசன் வாசலில் நின்று கடதாசியை வாசித்தார். அவருடைய பகிடி எல்லாம் எங்கோ போய்விட்டது.

“உங்க அண்ணன் வீட்டை வச்சுப் பெரிசாக் கடன் வாங்கியிருக்காரு. பழைய கடன் மட்டும்னா மாத்த வேண்டியதில்லை.”

“எங்களுக்குத் தெரியாமல் ஏலுமே? நாங்கள் தானே வீட்டிலை இருக்கிறம்.”

“அதாம்மா நானும் யோசிக்கிறேன். நான் மூணு வருஷம் முந்தி கடன் வாங்கறப்போ, வீட்ல இருக்கிற பெரியவங்க எல்லார்கிட்டயும் பேங்க் கையெழுத்து வாங்கினான். என் மக கூடப் போட்டா. வீட்டுல எனக்கு உரிமை ஒண்ணும் இல்ல, கடன் கட்டாட்டி காலி பண்றேன்னு. அது இல்லாம பேங்க் காசு விடமாட்டான்.” நிறுத்தினார். “நீங்க ரெண்டு பேரும் ஏதாச்சும் கையெழுத்துப் போட்டீங்களா?”

“இல்லை” என்றாள் உடனே.

சொல்லிவிட்டு அவருடைய கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். 2005 ஜூன். ஞாயிற்றுக்கிழமை. எண்ணெய் படாமல் நுனியில் பிடித்த பேனை. அந்த மேசைக்கு அண்ணனுக்கு வழி காட்டியதும் அவள்தான். என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கலாம் என்று அவர் யோசிக்கவே தேவை இருக்கவில்லை. அவள் ஃபோனில் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

“உள்ள வந்து உக்காருங்கம்மா” என்றார் புவனேசன்.

“இல்லை. சோறு வைக்க வேணும். அவர் எழும்பீடுவார்.”

கிருஷ்ணராசா ஐந்து மணிக்கு எழும்பினான். அவள் கடதாசியை அவன் முன்னால் வைத்தாள். கம்பனிப் பெண் சொன்னதில் இருந்து புவனேசன் சொன்னது வரை ஒன்றும் விடாமல் சொன்னாள். எந்த இடத்திலும் அழவில்லை. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். சோற்றைப் பிசைந்தபடி இருந்தான், வாயில் வைக்கவில்லை.

“ஏசுங்கோவன்” என்றாள்.

“என்னத்துக்கு?”

“நீங்கள் அண்டைக்கே எழுதுவம் எண்டனீங்கள்.”

“நானும் தானே வாசிக்காமல் கையெழுத்து வைச்சனான்.” சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். “சனிக்கிழமை போவம். ஃபோன் எடுக்க வேண்டாம். எடுத்தால் சாட்டு ஒண்டு ஆயத்தம் பண்ணி வைச்சிருப்பார்.”

*

சனிக்கிழமை, ஆற்றுக்கு அடியில் போகும் பிளாக்வோல் சுரங்கத்தில் வாகனங்கள் நின்று நின்று போயின. இல்ஃபோர்டில் அண்ணன் வீட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டுக் கிருஷ்ணராசா எஞ்சினை அணைத்தான். இறங்கவில்லை.

“நீங்கள் வரேல்லையோ?”

“நான் உள்ளை வந்தால் கதை வேறை மாதிரிப் போகும். நீரே கேட்டிட்டு வாரும். நான் இஞ்சை இருக்கிறன்.”

தவநாயகி மச்சாள் கதவைத் திறந்தாள். முகம் வாடியிருந்தது. “வாங்கோ மலர், தனியவோ வந்தனீங்கள்?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தேத்தண்ணீர் வைக்கக் குசினிக்குள் போனாள். அங்கே கேத்தல் கொதித்து அணைந்த பிறகும் அவள் வெளியே வரவில்லை.

அருள்நேசன் முன்னறையில் மேசை நிறையக் கோப்புகளோடு இருந்தார். சவரம் செய்து இரண்டு நாள் இருக்கும்.

“என்ன பிள்ளை, சொல்லாமல் கொள்ளாமல்?”

அவள் பதிவேட்டுப் பிரதியை அவர் முன்னால் வைத்தாள். அவர் அதை எடுக்கவில்லை. பார்த்தவுடன் என்னவென்று தெரிந்துகொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

“ஆர் உன்னை அங்கை போகச் சொன்னது?”

“மழைத் தண்ணிக்குப் படம் கேட்டாங்கள்.”

“நான் தான் விடச் சொன்னனான் எல்லே?”

“ஓம். சொன்னனீங்கள். எவ்வளவு எடுத்தனீங்கள் அண்ணை?”

“மலர், கேள். பெற்றோல் ஸ்டேஷன் ஒண்டு வந்தது. ஆறு மாதத்திலை திருப்பிக் கட்டலாம் எண்டு தான்…”

“எவ்வளவு?”

“தொண்ணூறு.”

“தொண்ணூறாயிரம்?”

“வீடு எங்கையும் போகேல்லைத் தானே. நீங்கள் தானே இருக்கிறியள். நான் எப்பவாவது வீட்டை விட்டு எழும்பு எண்டனானோ?”

“நாங்கள் அண்டைக்கு வைச்ச கையெழுத்து எதுக்கு?”

அவள் நின்றபடியே காத்திருந்தாள். கடைசியில் அவர் கோப்புகளில் ஒன்றை இழுத்து, பிரதி ஒன்றை எடுத்து, அவள் பக்கம் தள்ளினார். பிரதி எடுக்காமல் விடமாட்டார் என்று அவள் நினைத்தது சரிதான்.

இந்தத் தரம் மேல் பாதி மடிந்து இருக்கவில்லை. அவள் வாசித்தாள். அவசரப்படாமல், ஆறுதலாக, சொல் சொல்லாக. கீழே பேர் எழுதப்பட்டிருந்த இருவரும் இந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள். மாதா மாதம் வீட்டுக்காரருக்கு வாடகை செலுத்துகிறார்கள். வீட்டில் தங்களுக்கு எந்தப் பங்கும் இல்லை என்று ஒப்புக்கொள்கிறார்கள். பாங்க் கேட்டால் வீட்டை விட்டு வெளியேறுவார்கள். கீழே கிருஷ்ணராசாவின் கையெழுத்து. அவளுடைய கையெழுத்து. பக்கத்தில் சாட்சி என்று அவள் ஒருநாளும் கண்டிராத ஒருவரின் கையெழுத்து.

எட்டு வருடக் காசு. ஒரு சொல்லில் எல்லாம் வாடகையாகிவிட்டது.

“அது பாங்குக்காக எழுதினது. அப்பிடித்தான் எழுத வேணும். எங்களுக்குள்ளை அது இல்லைத் தானே” என்றார் அருள்நேசன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். குரல் கொஞ்சம் திரும்பி வந்தது. “நீ வந்ததும் நல்லதுக்குத் தான். நானே வர இருந்தனான். ஸ்டேஷன் ஓடேல்லை. மூண்டு மாதமாப் பாங்குக்குக் கட்டேல்லை.”

“நாங்கள் ஒண்டாம் தேதி அனுப்பின காசு?”

“அதை அங்கை போட வேண்டி வந்திட்டுது. கேள், பிள்ளை. பாங்க் கோர்ட்டுக்குப் போகப் போறம் எண்டு எழுதியிருக்கிறாங்கள். இன்னொரு இடத்திலை கதைச்சிருக்கிறன். அவங்கள் எல்லாத்தையும் அடைச்சு வேறை கடன் தருவாங்கள். அப்ப வீடு தப்பும். உங்கடை வீடு, மலர். நான் உங்களுக்காகத் தான் ஓடித் திரியிறன்.”

வேறு ஒரு கடதாசியை எடுத்து வைத்தார். புதியது. ஆனால் அதே பந்திகள், அதே இடத்தில் அவர்களுடைய பேர். கீழே இரண்டு பென்சில் புள்ளடி போட்டு ஆயத்தமாக இருந்தது. அதன் மேல் பேனையையும் வைத்தார்.

“இந்த ஒருக்கா மட்டும். நீயும் மச்சானும். திங்கட்கிழமைக்கு முன்னம் வேணும்.”

“வைக்காட்டில்?”

“வைக்காட்டில் வீடு பாங்குக்குப் போகும். நான் என்ன செய்யிறது? எனக்குச் சந்தோசமோ?” பிறகு குரலைத் தாழ்த்தினார். “மச்சானுக்கு இந்தப் பெற்றோல் ஸ்டேஷன் கதை ஒண்டும் சொல்லாதை. தண்ணிக் கம்பனிக்கு இன்னொரு கையெழுத்து வேணுமாம் எண்டு சொல்லு. அவர் கேக்க மாட்டார்.”

சிவமலர் யன்னலால் பார்த்தாள். கார் அங்கேயே நின்றது. கிருஷ்ணராசா இரு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து நேரே பார்த்துக்கொண்டிருந்தான். சிறு மழை பெய்யத் தொடங்கியிருந்தது. அவன் வைப்பரைப் போடவில்லை.

அவள் பேனையை எடுத்தாள். அருள்நேசனின் தோள் தளர்ந்தது. அவள் அதை மேசையின் மறுபக்கம், அவருடைய கைக்குக் கிட்ட வைத்தாள். பிறகு கடதாசியைத் திருப்பி, எழுத்து அவர் பக்கம் நேராக இருக்கும்படி, அவர் முன்னால் தள்ளினாள். தன்னுடைய பேர் இருந்த இடத்துக்குக் கீழே விரலை வைத்தாள்.

“இதிலை என்ரை பேருக்குப் பக்கத்திலை என்னெண்டு எழுதியிருக்கிறியள் அண்ணை? ஒருக்கா உங்கடை வாயாலை, தமிழிலை சொல்லுங்கோ.”